ஐசிஐ கம்பெனி என்ன ஆச்சு? கடையில அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில எங்களுக்கு பெயிண்ட், ஹார்டுவேர் கடை. அப்பா காலத்து டூலக்ஸ் போர்டு ஒண்ணு இன்னும் உள்ள மாட்டியிருக்கு, மூலையில வட்டத்துக்குள்ள ஐசிஐன்னு மூணு எழுத்து, கீழ அலை மாதிரி ரெண்டு கோடு. வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் பக்கத்துல இருந்து வர்ற பெரியவங்க அதப் பாத்துட்டு "ஏந்தம்பி, இந்தக் கம்பெனி இன்னும் இருக்குதா"ன்னு கேக்காம போறதில்ல. ஒவ்வொருத்தருக்கும் நின்னு சொல்லிட்டே இருந்தேன், இப்ப எல்லாத்தையும் சேத்து ஒரே எடத்துல எழுதி வெச்சிடறேன்.

ஐசிஐசிஐ பேங்க்கும் இதுவும் ஒண்ணுதானுங்களா?

இல்லைங்க. பேங்க்கோட வேரு 1955ல நம்ம நாட்டுல தொழிலுக்குக் கடன் குடுக்க ஆரம்பிச்ச நிறுவனம். ஐசிஐங்கறது இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ், இங்கிலாந்து கம்பெனி, லண்டன்ல தேம்ஸ் ஆத்தோரம் மில்பேங்க்ல ஹெட் ஆபீஸ் இருந்துச்சு. எழுத்து ஒட்டி வர்றதால வர்ற கொழப்பம் அவ்வளவுதான்.

எப்ப ஆரம்பிச்சாங்க, யாரு ஆரம்பிச்சது?

1926 டிசம்பர். புதுசா ஒருத்தர் கடை போட்ட மாதிரி இல்ல, ஏற்கனவே பெருசா இருந்த நாலு கம்பெனி ஒண்ணா சேந்தது. புரூனர் மாண்ட், சோடா உப்பு, அதாவது சோடா ஆஷ் செய்யறவங்க. நோபல் இண்டஸ்ட்ரீஸ், வெடிமருந்து. யுனைடெட் ஆல்கலி, அதுவும் சோடா உப்பு மாதிரி காரப் பொருள்தான். பிரிட்டிஷ் டைஸ்டஃப்ஸ், சாயம்.

ஏன் சேந்தாங்கன்னா பயத்துலதான். 1925ல ஜெர்மனியில சாயக் கம்பெனி எல்லாம் ஒண்ணா சேந்து ஐஜி ஃபார்பென்னு ஒரு மலை மாதிரி கம்பெனி ஆயிடுச்சு, அமெரிக்காவுல டூபாண்ட் வேற இருக்கு, இவங்க நாலு பேரும் தனித்தனியா நின்னா நசுங்கிப் போயிருப்பாங்க. புரூனர் மாண்ட்ல ஆல்ஃப்ரெட் மாண்ட், நோபல்ல ஹாரி மெக்கோவன், ரெண்டு பேரும் அமெரிக்காவுல இருந்து அக்விட்டானியாங்கற கப்பல்ல திரும்பி வர்றப்பதான் பேசி முடிச்சாங்க, ஒப்பந்தத்த அந்தக் கப்பலோட லெட்டர் பேப்பர்லயே எழுதினாங்க. கரை வந்து சேர்றதுக்குள்ள பிரிட்டன்லயே பெரிய கெமிக்கல் கம்பெனி பொறந்தாச்சு.

சோடா உப்புல அப்படி என்ன பெரிய காசு?

கண்ணாடி, சோப்பு, துணி, மூணுக்கும் அது இல்லாம ஆகாது. 1873ல ஜான் புரூனரும் லுட்விக் மாண்டும் இங்கிலாந்துல செஷயர்ங்கற பகுதியில வின்னிங்டன்னு ஒரு எடத்துல பேக்டரி போட்டாங்க, அங்க மண்ணுக்கடியில உப்பு. உப்புத் தண்ணி, அமோனியா, சுண்ணாம்புக்கல்ல சுட்டா வர்ற வாயு, இத வெச்சு செய்யற சால்வே முறை. அமோனியாவ திரும்பத் திரும்பப் புடிச்சு உபயோகிக்கலாம், அதனால செலவு கம்மி. பழைய லெப்ளாங்க் முறையில ஊரே நாறும், கழிவு மலையாக் குமியும். வின்னிங்டன்ங்கற பேர மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, அடுத்த பதிலுக்கு வேணும்.

கருப்பு ஓஸ அல்காத்தீன்னு சொல்றமே, அது எந்த பாஷை வார்த்தை?

எனக்கு ரொம்பப் புடிச்ச கேள்வி இது. நம்ம பக்கம் தோட்டத்துல போர்ல மோட்டார் எறக்கறதுக்கு, தென்னைக்குத் தண்ணி கொண்டு போறதுக்கு, எல்லாத்துக்கும் "நூறு மீட்டர் அல்காத்தீன் குடுங்க"ம்பாங்க, மலையாளத்துக்காரங்களும் அப்படித்தான் கேப்பாங்க, தமிழா மலையாளமான்னு யாருக்கும் சந்தேகம் வராத அளவுக்கு ஒட்டிக்கிச்சு. அது ரெண்டுமே இல்லைங்க, ஐசிஐ பாலித்தீனுக்கு வெச்ச பிராண்ட் பேரு. இன்னைக்கு நான் விக்கிற ஓஸ் வேற யாரோ செய்யறது, ஆனா பேரு மாறல.

அந்த வின்னிங்டன்லதான் 1933 மார்ச்ல ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட்னு ரெண்டு பேரு எத்திலீன் வாயுவ இன்னொரு ரசாயனத்தோட சேத்து, 170 டிகிரி சூட்டுல, ஆயிரக்கணக்கான மடங்கு காத்தழுத்தம் குடுத்து ஒரு சோதனை பண்ணாங்க. என்ன வரும்னு பாத்தாங்களோ அது வரல. திங்கக்கிழமை வந்து தொறந்து பாத்தா உள்ள மெழுகு மாதிரி வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு, மொத்தமே அரை கிராம்கூட இல்ல. திரும்பப் பண்ணிப் பாத்தா வெடிச்சுது, பயந்து நிறுத்திட்டாங்க. ரெண்டு வருசம் கழிச்சு 1935 டிசம்பர்ல மைக்கேல் பெரின் குழு பலமான பாத்திரம் வெச்சு மறுபடி பண்ணுது, அப்ப பாத்திரம் எங்கயோ கசிஞ்சு அழுத்தம் எறங்குது, புதுசா எத்திலீன் ஏத்தறாங்க, அதுல துளியூண்டு ஆக்சிஜன் கலந்திருக்கு. அந்த ஆக்சிஜன்தான் வேலைய ஆரம்பிச்சு வெக்குது. கசியாம இருந்திருந்தா இன்னும் எத்தனை வருசம் ஆயிருக்குமோ.

பேக்டரி ஓட ஆரம்பிச்ச நாளு 1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள்ள பூந்த அதே நாளு. யுத்தம் முடியற வரைக்கும் பாலித்தீன் பெரும்பாலும் ராடார் கேபிளுக்கு மேல சுத்தறதுக்கே போச்சு, விமானத்துல வெக்கிற அளவுக்கு ராடார் சின்னதாக அதுவும் ஒரு காரணம். பக்கெட்டு, பை, ஓஸ் எல்லாம் அப்புறம் வந்தது. இந்தியாவுல 1959ல கல்கத்தா பக்கத்துல ரிஷ்ராவுல ஐசிஐ குழுமம்தான் முதல்ல பாலித்தீன் செஞ்சாங்க.

ஸ்டெய்னர்ல, அதாவது பெயிண்ட்ல கலக்கற சாயத்துல, அந்த நீலம் மட்டும் ஏன் வெயில்ல வெளுக்க மாட்டேங்குது?

நல்ல கவனிப்புங்க. அது தாலோசயனின் நீலம், அதுவும் தப்புல பொறந்ததுதான். 1928ல ஸ்காட்லாந்துல கிரேஞ்ச்மவுத் சாயப் பேக்டரியில தாலிமைடுன்னு ஒரு வெள்ளைச் சரக்கு செஞ்சுட்டு இருந்தாங்க, பாத்திரத்துக்கு உள்ள பூசின பூச்சு வெடிப்பு விட்டு உள்ள இருக்கற இரும்பு வெளிய தெரிய, வெள்ளையா வர வேண்டிய சரக்குல நீலமா அழுக்கு. சரக்கு கெட்டுப் போச்சுன்னு கொட்டாம, இது என்னடான்னு ஒக்காந்து பாத்தாங்க பாருங்க, அங்கதான் எனக்கு மரியாதை. இரும்புக்குப் பதிலா செம்பு வெச்சா இன்னும் அருமையான நீலம் வந்துச்சு, 1935ல மோனாஸ்ட்ரல் ப்ளூன்னு விக்க ஆரம்பிச்சாங்க. நம்ம சித்தூர் வெயிலுக்கே அசையாத நீலம்னா பாத்துக்குங்க.

டூலக்ஸ் பேரும் இங்கயே சொல்லிடறேன். டூபாண்ட்ல பாதி, ஆடம்பரம்ங்கற லக்சுரியில பாதின்னு சொல்லுவாங்க. ஐசிஐக்கும் டூபாண்டுக்கும் பேடண்ட் பகிர்ந்துக்கற ஒப்பந்தம் 1929ல இருந்து இருந்துச்சு, அந்த வழியில 1930கள்ல வந்த பேரு.

டெரிலின் சட்டையும் இவங்களா?

பாதி இவங்க. டெரிலின்ங்கறது பாலியெஸ்டர் நூல்தான். கண்டுபுடிச்சது 1941ல மான்செஸ்டரச் சேந்த ஒரு துணி அச்சடிக்கற சங்கத்தோட லேப்ல, வின்ஃபீல்டும் டிக்சனும். உரிமைய வாங்கி பெருசா செஞ்சது ஐசிஐ, வில்டன்ல 1955ல பேக்டரி. அமெரிக்கா உரிமை டூபாண்டுக்குப் போச்சு. இந்தியாவுல தானேயில இவங்களோட துணைக் கம்பெனி டெரீன்னு வித்துச்சு.

எங்க அப்புச்சி கல்யாணத்துக்கு எடுத்த டெரிலின் சட்டைய அம்மா இன்னும் பொட்டியில வெச்சிருக்காங்க. ராத்திரி தொவச்சுப் போட்டா காலையில காஞ்சிரும், இஸ்திரி வேண்டாம், ஆனா பங்குனி வெயில்ல போட்டா ஒடம்பு வெந்துரும், பீடி நெருப்பு ஒரு பொட்டு பட்டாக்கூட உருகி ஓட்டை. அந்தச் சட்டையில அப்படி மூணு ஓட்டை இருக்கு.

கெணத்துக்கு வெடி வெச்ச தோட்டாவும் ஐசிஐன்னு சொல்றாங்களே?

ஆமாங்க, அதோட வேரு நேரா ஆல்ஃப்ரெட் நோபல்கிட்ட போகுது. 1871ல அவர் ஸ்காட்லாந்துல ஆர்டீர்ங்கற கடலோரத்துல ஆரம்பிச்ச டைனமைட் கம்பெனிதான் பின்னாடி நோபல் இண்டஸ்ட்ரீஸ் ஆகி ஐசிஐக்குள்ள வந்தது. இந்தியாவுல 1958ல அப்ப பீகார்ல இருந்த கோமியாவுல இந்தியன் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் பேக்டரி வந்துச்சு, சுரங்கம், அணை, கெணறு எல்லாத்துக்கும் அங்கிருந்து சரக்கு.

நம்ம கெழக்குப் பகுதி மழை மறைவு, பாறை, கெணறுன்னா வெடி வெச்சாத்தான். வெடிக்காரர் ஒருத்தர் எங்க அப்பாவுக்கு சிநேகம், தோட்டாவத் தொட்ட அன்னைக்கு தலைவலியில ராத்திரி தூங்க மாட்டாராம். வீட்டுல காத்துக் கருப்புன்னு மந்திரிச்சாங்களாம். காரணம் நைட்ரோகிளிசரின், தோல் வழியாவே உள்ள போய் ரத்தக்கொழாய விரிச்சு விட்டுரும், அதே சரக்கத்தான் துளியளவுல நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வெக்கக் குடுக்கறாங்க. இத அவர் உசுரோட இருந்தப்பவே சொல்ல எனக்குக் குடுத்து வெக்கல.

மருந்துகூட செஞ்சாங்களா?

நெறைய. பட்டியல் போட்டாலே பக்கம் ரொம்பிரும். மலேரியாவுக்கு பாலுட்ரின், ஆபரேஷன்ல மயக்கம் குடுக்க ஹாலோதேன், அப்புறம் புரோபோஃபால், மார்பகப் புத்துநோய்க்கு டமாக்சிஃபென், ரத்தக்கொதிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் புரோப்ரனலால். கடைசியா சொன்னத கண்டுபுடிச்ச ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988ல நோபல் பரிசு. டமாக்சிஃபென் முதல்ல கருத்தடைக்குன்னு தேடினப்ப கெடச்சது, அதுக்கு உதவல, புத்துநோய்க்கு உதவிச்சு. சாயம் செய்யத் தெரிஞ்ச கெமிஸ்ட்டுங்கதான் மருந்துக்கு வந்தாங்க. பாத்திரம் வேற, கைவேலை ஒண்ணு.

அப்ப எல்லாம் நல்லதேதான் செஞ்சாங்களா? கிராமக்சோனும் அவங்களோடதுதானே?

அவங்களோடதுதான். பாராகுவாட், 1962ல சந்தைக்கு வந்த களைக்கொல்லி. களை மறுநாளே கருகிரும், அதனால ரப்பர் தோட்டம், தேயிலை எல்லாத்துலயும் ஓடிச்சு. ஆனா மனுசன் வயித்துக்குள்ள போயிட்டா மாத்து மருந்து கெடையாது, நொரையீரல் போயிரும். நம்ம கிராமங்கள்ல அது எத்தனை வீட்டுல எழவு விழ வெச்சுதுன்னு எல்லாருக்கும் தெரியும். கேரளாவுல 2011ல தடை பண்ணாங்க. சரியான முடிவு, நான் அத எந்தக் காலத்துலயும் கடையில ஏத்தினதில்ல.

அவங்க சொந்த ஊருலயும் கறை இருக்கு. ரன்கார்ன்ல பழைய கல்குவாரியில வருசக்கணக்கா கெமிக்கல் கழிவு கொட்டினாங்க, 2000 வாக்குல வெஸ்டன் கிராமத்து வீடுகளுக்குள்ள விஷ ஆவி வர்றது தெரிஞ்சு குடும்பம் குடும்பமா வெளியேத்தி, வீடுகள கம்பெனியே வாங்கற நெலமை. கண்டுபுடிப்பப் பத்தி நான் இவ்வளவு ஆசையா எழுதறேன்ங்கறதுக்காக இத மறைக்க மாட்டேன்.

எப்ப உச்சத்துல இருந்தாங்க?

லாபம்னு பாத்தா 1984. பிரிட்டன்ல ஒரே வருசத்துல 100 கோடி பவுண்டு லாபம் பாத்த முதல் தொழிற்சாலைக் கம்பெனி. ஜான் ஹார்வி ஜோன்ஸ் சேர்மன். ஆனா அதுக்கு நாலே வருசம் முந்தி, 1980ல, சரித்திரத்துலயே முதல் தடவையா ஒரு காலாண்டு நஷ்டமாகி, பங்குதாரருக்குக் குடுக்கற டிவிடெண்ட கொறச்சாங்க. வடகடல் எண்ணெயால பவுண்டு மதிப்பு ஏறி ஏத்துமதி படுத்துச்சு, ஐரோப்பாவுல தேவைக்கு மேல பிளாஸ்டிக் பேக்டரிங்க. ஆளக் கொறச்சு, பேக்டரி மூடி, அப்புறம் வந்த லாபம் அது. அந்த நேரத்துல நடந்த ஒண்ணு எனக்கு மனசு கஷ்டம். 1982ல பிரிட்டிஷ் பெட்ரோலியத்தோட பேசி, நீ பிவிசிய எனக்கு விட்டுரு நான் பாலித்தீன உனக்கு விட்டுர்றேன்னு மாத்திக்கிட்டாங்க. வின்னிங்டன்ல பொறந்த புள்ளைய 49 வருசத்துல தத்துக் குடுத்தாச்சு. கணக்குப்படி சரியா இருக்கலாம்.

அப்ப எப்பத்தான் விழுந்துச்சு?

ஒரே நாள்ல விழலைங்க. வரிசையா சொல்றேன்.

1991ல ஹேன்சன்னு ஒரு குழுமம், கம்பெனிய வாங்கிப் பிரிச்சு விக்கறதுல கை தேர்ந்தவங்க, ஐசிஐ பங்குல 2.8 சதவீதம் வாங்கினாங்க. மேற்கொண்டு வாங்கல, வித்துட்டுப் போயிட்டாங்க, ஆனா போர்டுல இருந்தவங்களுக்கு ஆடிப் போச்சு. வெளியாள் வந்து பிரிக்கறதுக்கு முந்தி நாமளே பிரிச்சுக்கலாம்னு 1993ல மருந்து, பூச்சிமருந்து, விதை எல்லாத்தையும் செனகான்னு தனிக் கம்பெனியாக்கினாங்க. செனகா 1999ல சுவீடனோட அஸ்ட்ராவோட சேந்து அஸ்ட்ராசெனகா ஆச்சு. ஆமாங்க, கொரோனாவுல நம்ம கோவிஷீல்டுக்குப் பின்னாடி இருந்த பேரு அதுதான். பூச்சிமருந்துப் பக்கம் 2000ல சின்ஜெண்டாவுக்குள்ள போச்சு.

இங்க மிச்சம் நின்னது பெயிண்ட், வெடி, குளோரின், பிளாஸ்டிக் மூலப்பொருள். இதெல்லாம் ஒரு வருசம் நல்லா ஓடும், ஒரு வருசம் படுக்கும். படுக்கற வருசத்துல தாங்கிப் புடிச்ச மருந்து லாபம் வீட்ட விட்டுப் போயாச்சு.

அடுத்தது 1997. யூனிலீவர்ல இருந்து வந்த சார்ல்ஸ் மில்லர் ஸ்மித் தலைமை நிர்வாகி. யூனிலீவர்கிட்ட இருந்தே ஸ்டார்ச், பசை, வாசனை, உணவுச் சுவைப்பொருள் செய்யற நாலு கம்பெனிய 800 கோடி டாலருக்கு வாங்கினாங்க. மூலப்பொருள் வேண்டாம், ஏத்த எறக்கம் இல்லாத ஸ்பெஷாலிட்டி சரக்கு போதும்னு திட்டம். காசு கடன். கடன் அடைக்க சொந்தப் பேக்டரிங்கள விக்கணும். ஆஸ்திரேலியா கம்பெனி போச்சு, அதுதான் இன்னைக்கு ஓரிக்கா. பாலியெஸ்டர் போச்சு, பெர்ஸ்பெக்ஸ்ங்கற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் போச்சு, வெள்ளை நிறமி டைட்டானியம் ஹண்ட்ஸ்மனுக்கு, குளோரின் 2001ல இனியோசுக்கு. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க, இவங்க வித்தே ஆகணும்னு சந்தைக்கே தெரியும், ஆசியாவுல வேற 1997ல பண நெருக்கடி. அவசரத்துல நெலம் விக்கறவனுக்கு என்ன வெலை கெடைக்கும்னு நம்ம ஊருல சொல்லியா குடுக்கணும்.

அப்பவும் கடன் தீரல. 2002ல பங்குதாரர்கிட்டயே 80 கோடி பவுண்டு கேட்டு வாங்கினாங்க. புதுசா வாங்கின வாசனைக் கம்பெனி குவெஸ்ட், நெதர்லாந்து பேக்டரியில சாப்ட்வேர் மாத்தறப்ப சரக்கு நேரத்துக்குப் போகாம வாடிக்கைய எழந்துச்சு, 2003ல அப்ப இருந்த தலைமை நிர்வாகி வெளிய போனார். 2006ல அதையும் வித்தாங்க. யாருக்காக வீட்டையே அடமானம் வெச்சாங்களோ அதையே பத்து வருசத்துல கைகழுவினாங்க.

2008 ஜனவரி 2, சுமார் 800 கோடி பவுண்டுக்கு ஐசிஐய நெதர்லாந்தோட அக்சோநோபல் வாங்கிச்சு. பசைப் பகுதி உடனே ஜெர்மனி ஹென்கெலுக்கு. 81 வருசம்.

யாரு தப்புன்னு சொல்லுவீங்க?

செனகாவப் பிரிச்சத பெரிய தப்புன்னு பல பேரு சொல்லுவாங்க, நான் சொல்ல மாட்டேன், அந்தப் புள்ளை நல்லாத்தான் இருக்கு. 1997 கடன்தான் கழுத்துல விழுந்த கல்லு. அதவிட ஒண்ணு இருக்கு. 1933ல அரை கிராம் மெழுக எடுத்து வெச்சு, வெடிச்சதும் நிறுத்தி, மறுபடி ரெண்டு வருசம் கழிச்சு எடுத்துப் பாக்கற பொறுமை அந்த லேப்ல இருந்துச்சு. 1990கள்ல பங்கு வெலைக்கு பதில் சொல்றதுக்கே நேரம் போச்சு. வாங்கறது, விக்கறது, இதுதான் வேலைன்னு ஆயிட்டா நீல அழுக்க யாரு ஒக்காந்து பாப்பா?

இந்தியாவுல என்ன ஆச்சு?

இங்கயும் துண்டு துண்டாத்தான். கான்பூர் உரப் பேக்டரி 1990கள்ல கைமாறிச்சு, வெடிமருந்து ஓரிக்கா பக்கம், பெயிண்ட் மட்டும் கடைசி வரைக்கும். ஐசிஐ இந்தியாங்கற பேரு 2010ல அக்சோநோபல் இந்தியா ஆச்சு. அந்த வருசந்தான் எங்க கடைக்கு வர்ற டின்னுல மூணு எழுத்து நின்னுச்சு, அப்பா பழைய ஸ்டாக்ல ஒரு லிட்டர் டின்ன விக்காம எடுத்து வெச்சார். 2025 ஜூன்ல அந்த இந்தியக் கம்பெனியில பெரும்பங்க ஜேஎஸ்டபிள்யூ பெயிண்ட்ஸ் வாங்கறதா ஒப்பந்தம் அறிவிச்சாங்க. அக்சோநோபல்ங்கற பேருல இருக்கற நோபலும் அதே ஆல்ஃப்ரெட் நோபல் வழி சுவீடன் கம்பெனிதான்.

எங்க வீட்டுப் பரண்ல ஐசிஐ போட்ட பழைய எனாமல் டின்னு இருக்கு, சன்னலுக்கு அடிக்கலாமா?

அடிக்காதீங்க. கெட்டியாயிருந்தா டர்பெண்டைன் ஊத்திக் கலக்கினாலும் காயாது, பிசுக்குன்னு நிக்கும். அதவிட முக்கியம், அந்தக் காலத்து எனாமல்ல எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, முக்கியமா மஞ்சள், ஆரஞ்சு, செவப்பு. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்கற சட்டம் இந்தியாவுல அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். பழைய சன்னலச் சொரண்டறதா இருந்தா காய்ஞ்ச வாக்குல உப்புத்தாள் போடாதீங்க, தண்ணி தொட்டுத் தேய்ங்க, கொழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க, தூசிய ஈரத்துணியில எடுங்க. டின்ன தோட்டத்து வாய்க்கால்ல கவுக்காதீங்க. மூடிய எறுக்கி வெச்சு கடைக்குக் கொண்டு வாங்க, அப்பா எடுத்து வெச்ச டின்னு பக்கத்துல வெச்சுக்கறேன்.